நடுநிலை வகுப்புகளின் கலை விழா: மேடையில் பாதி, வெளியில் பாதி

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் படிப்பவர்கள் பதினொன்று முதல் பதின்மூன்று வயதுவரை உள்ளவர்கள். எந்தக் கூச்சமும் இல்லாமல் மேடையில் குதித்து ஆடும் சின்னஞ்சிறு பருவம் அவர்களுக்குக் கழிந்துவிட்டது. மேல்நிலை வகுப்புக்காரரைப் போலத் தனியாக நின்று பேசிச் சமாளிக்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை. பையன்களில் பலருக்குக் குரல் உடையத் தொடங்கியிருக்கும். பெண்களில் பலர் திடீரென உயர்ந்து, கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கப் பார்ப்பார்கள். இந்த மூன்று வகுப்புகளுக்கென ஒரு கலை விழா நடத்தும் பள்ளி, எந்தப் பாட்டுக்கு யார் ஆடுவது என்பதை முடிவு செய்யும் முன், வகுப்பிலுள்ள நாற்பது பேருக்கும் என்ன வேலை என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வழக்கமான ஆண்டு விழாவில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. வெளியே பாட்டு வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் போகும் ஏழெட்டுப் பேர் மேடையை எடுத்துக்கொள்வார்கள். வாடகை உடை வரும், ஒப்பனைக்காரர் வருவார், சினிமாப் பாட்டு ஒலிக்கும். மற்றவர்கள் பிற்பகல் முழுவதும் நாற்காலி வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். விழா முடிந்த மறுநாள், அதில் எதுவும் பள்ளியில் மிஞ்சியிருக்காது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய 'கலைத் திருவிழா' இந்த நிலையை ஓரளவு மாற்றியது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளை அது தனிப் பிரிவாகவே வைத்தது. அதனால் ஏழாம் வகுப்பு மாணவி பிளஸ் டூ அக்காவோடு மோத வேண்டியதில்லை. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக ஏறும் போட்டிகள் அவை. நுண்கலை, வாய்ப்பாட்டு, கருவி இசை, நடனம், நாடகம், மொழித்திறன் என்று பல கிளைகள் உண்டு. மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள். ஒன்றிய அரசு 2015-இல் தொடங்கிய 'கலா உத்சவ்' ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் ஆரம்பித்தது. நடுநிலை வகுப்பினரை மாநிலத் திட்டம் மறக்கவில்லை என்பது அதன் சிறப்பு.

போட்டிக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. கேரளத்தில் 1957 முதல் நடக்கும் பள்ளிக் கலோத்சவம் இந்தியாவின் மிகப் பெரிய மாணவர் கலை விழாக்களில் ஒன்று. முதலிடம் பெறும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை கிடைக்கிறது. அந்த மேடையிலிருந்து திரைக்கும் சங்கீதத்துக்கும் போனவர்கள் ஏராளம். ஆனால் மதிப்பெண்ணுக்காக மேல்முறையீடு, ஒரே நடனத்துக்கு ஆயிரக்கணக்கில் உடைச் செலவு என்ற புகார்களும் அந்த விழாவுடனேயே வளர்ந்தன. ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் நடக்கும் பண்பாட்டு விழா வேறு வகை. அங்கே பங்கேற்பது தனி மாணவரல்ல, வகுப்பு. ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரே பாட்டைக் கூட்டாகப் பாடும்; ஒரு வகுப்பறையையே கண்காட்சியாக மாற்றும்; நூற்றுக்கணக்கான சிறு காகிதத் துண்டுகளை ஒட்டிச் சுவரளவு படம் செய்யும். திறமைசாலியை மேலே தூக்கிவிடக் கேரள முறை நல்லது, எல்லாரையும் உள்ளே இழுக்க ஜப்பானிய முறை நல்லது. பதினொரு வயதுக்கு இரண்டாவதே பொருந்தும். வட்டாரப் போட்டிக்கு அனுப்ப வேண்டிய இரண்டு மூன்று பேரை அதற்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியொரு விழாவுக்கு வேண்டிய பொருள், எடுத்துக்காட்டாகத் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும், பள்ளி வாசலிலேயே கிடக்கிறது.

மேடையில் ஆரம்பிக்கலாம். கூட்டாக ஆடுபவற்றில் கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் மூன்றும் இந்த வயதுக்குக் கச்சிதமானவை. ஒயிலாட்டத்தில் கையில் ஒரு வண்ணத் துணியும் காலில் சலங்கையும் போதும். வரிசையாக நின்று ஒரே அடவை எல்லாரும் சேர்ந்து போடுவதால் தப்பு செய்பவர் தனியாகத் தெரியமாட்டார். இருபது பேர் முதல் நாற்பது பேர் வரை ஆடலாம். கோலாட்டக் கோல்களைச் செய்வதும் சாயம் அடிப்பதும்கூட ஓவிய வகுப்பின் வேலையாகிவிடும். பாட்டில் கூட்டிசையே பாதுகாப்பு. குரல் உடையும் பையனைத் தனிப் பாட்டுக்கு நிறுத்தினால் அவன் அடுத்த வருடம் வாயே திறக்கமாட்டான். முப்பது பேர் நடுவே கீழ் ஸ்தாயியில் பாட வைத்தால் அந்தக் கனத்த குரலே கூட்டத்துக்குப் பலம். தமிழில் கூட்டுப்பாட்டுக்கு முறையான ஒரு மரபை உருவாக்கியவர் மெட்ராஸ் யூத் கொயரை நடத்திய எம்.பி. சீனிவாசன். பயிற்சி இல்லாத குரல்களைக் கொண்டே பல குரல் அடுக்குகளில் தமிழ்ப் பாடல்களைப் பாட வைத்தவர் அவர். இசையாசிரியர் இல்லாத பள்ளிகளுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளி ஒரு துணை. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை அங்கே கற்பிக்கிறார்கள். அங்கு படிக்கும் பெரிய மாணவர்களை ஒரு பிற்பகலுக்கு அழைத்துத் தவிலின் இரு முகங்களான வலந்தலைக்கும் தொப்பிக்கும் உள்ள வேறுபாட்டைத் தொட்டுக் காட்டச் சொன்னாலே அது ஒரு நிகழ்ச்சி.

எதையும் மேடையேற்றிவிடலாம் என்றும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அரையர்கள் கூம்புக் குல்லாய் அணிந்து, தாளம் தட்டிப் பாசுரங்களை அபிநயத்தோடு சேவிப்பது கோயில் வழிபாட்டின் ஒரு பகுதி. அதை அட்டைக் குல்லாய் போட்டு மாறுவேடப் போட்டிக்குக் கொண்டுவருவது அழகல்ல. பாட்டும் நடிப்பும் சேர்ந்த ஒரு பழைய மரபு இந்த ஊரில் தொடர்கிறது என்பதைக் கண்காட்சி அறையில் ஒரு விளக்கப் பலகையாக வைப்பதே முறை.

நாடகத்துக்கு இந்த ஊரில் நல்ல வம்சாவளி உண்டு. தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் திருச்சியில் ரசிக ரஞ்சனி சபாவை அமைத்து நாடகங்கள் நடத்தினார். 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக நடிக்க அவர் கண்டெடுத்த பத்து வயதுச் சிறுவன்தான் பின்னாளில் புகழ்பெற்ற பாடக நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் ஆனார். நல்ல குரல் ஒன்று எந்த வகுப்பின் கடைசி பெஞ்சிலும் இருக்கலாம். அதைக் கேட்கும் காது ஆசிரியருக்கு வேண்டும்.

ஆனால் மேடை நாடகத்தைவிட இந்த வயதுக்கு வானொலி நாடகம் இன்னும் பொருத்தம். திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. டெல்டா மாவட்டங்களில் பல தலைமுறைகள் நாடகத்தைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். மேடைக்கு முன்னால் ஒரு திரை கட்டி, பின்னால் எட்டுப் பேர் இரண்டு ஒலிவாங்கிகளைச் சுற்றி நின்று படித்தால் போதும். வசனம் மனப்பாடமாக வேண்டியதில்லை, முகம் காட்ட வேண்டியதில்லை, உடைச் செலவும் இல்லை. கூச்சக்காரர்கள் இதில் அசாத்தியமாகத் தேறுவார்கள். ஒலி விளைவுக்கு மட்டும் இன்னும் ஆறு பேர் வேண்டும். பிளந்த கொட்டாங்கச்சி இரண்டை மேஜையில் மாற்றி மாற்றித் தட்டினால் குதிரைக் குளம்பு. தகரத் தகட்டைப் பிடித்து உலுக்கினால் இடி. முறத்தில் அரிசியை மெல்லச் சாய்த்தால் மழை. செலோஃபேன் தாளை ஒலிவாங்கிக்கு அருகில் கசக்கினால் தீ எரியும் ஓசை. நாடகம் முடிந்ததும் திரையை விலக்கி, ஒவ்வொரு ஓசையும் எப்படி வந்தது என்று பார்வையாளர்களுக்குக் காட்டும் ஐந்து நிமிடம்தான் விழாவிலேயே அதிகக் கைதட்டல் வாங்கக்கூடிய பகுதி.

எழுதுகிற பிள்ளைகளுக்கு உரியது கையெழுத்துப் பத்திரிகை. கவிஞர் வாலி ஸ்ரீரங்கத்தில் இளைஞராக இருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து 'நேதாஜி' என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்தினார். முதல் பிரதியை எழுத்தாளர் கல்கி வெளியிட்டார். எழுத்தாளர் சுஜாதா வளர்ந்ததும் இதே தெருக்களில்தான். அந்தத் தெருக்களின் மனிதர்களை 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் அவர் பதிவு செய்தார். ஒரு வகுப்பு ஓர் இதழைச் செய்யலாம். ஒரே பிரதி, முப்பத்திரண்டு பக்கம், ஆசிரியர் குழுவில் ஐந்து பேர், அழகாக எழுதுபவர்கள் நான்கு பேர், படம் போடுபவர்கள் நான்கு பேர், தைத்து அட்டை போட இரண்டு பேர். உள்ளடக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை பேட்டிகள். பூக்கடைக்காரர், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா, உறையூரில் இன்னும் தறி வைத்திருக்கும் குடும்பம் என யாரையாவது பிள்ளைகளே போய்ப் பார்த்து, கேட்டு, எழுத வேண்டும். பொன்மலைப் பணிமனை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது என்பதைப் பாடப் புத்தகம் சொல்லாது. அந்தத் தாத்தாவுக்கு அது குடும்பக் கதை. இணையத்திலிருந்து எடுத்த கட்டுரைக்கு இதழில் இடமில்லை என்று ஒரே ஒரு விதி வைத்தால் மற்றவை தாமாகச் சரியாகும்.

மேடைக்கு வெளியே வந்தால் விழாவின் கனமான பகுதி கண்காட்சி. தெர்மாகோல் எரிமலையும் சூரியக் குடும்பமும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். திருச்சிக்கு மட்டுமே உரிய மாதிரி ஒன்று முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் சரிவு அதிகமான, தாழ்ந்த ஆறு. காவிரியின் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே போனது. தஞ்சைக்குப் போகும் காவிரி மணல் ஏறி மேடானது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டத் தொடங்கியது இதற்காகத்தான். இதை மணலில் செய்து காட்ட நீளமான ஒரு தட்டு, ஈர மணல், ஒரு குடம் தண்ணீர் போதும். தட்டைச் சற்றுச் சாய்த்து இரண்டு கால்வாய் வெட்டி, ஒன்றை விரல் கடை ஆழம் கூட வெட்ட வேண்டும். தண்ணீர் விட்டதும் ஆழமானது பெரும்பங்கைக் குடித்துவிடும். அதன் வாயில் களிமண் வரப்பு ஒன்றை வைத்தால் மற்றதில் தண்ணீர் ஏறும். குடத்தை வேகமாகச் சாய்த்தால் வரப்பு உடைந்து போகும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அந்த அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் பெற்றோர் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை எதற்காக என்ற கேள்வியை, விளக்கம் சொல்லும் பிள்ளை அப்போது தானே எழுப்பலாம்.

இரண்டாவது மாதிரி உயரங்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, பதின்மூன்று நிலைகள்; பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று 1987-இல் முழுமை பெற்றது. மலைக்கோட்டைப் பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர், தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. நூறில் ஒரு பங்கு அளவில் அட்டையில் வெட்டினால் கோபுரம் 72 செ.மீ., பாறை 83 செ.மீ., விமானம் 66 செ.மீ. என வரும். அவற்றின் அருகே பள்ளிக் கட்டடத்தையும் அதே அளவில் வைத்தால் அது உள்ளங்கை உயரம்கூட வராது. பள்ளியின் உயரத்தைப் பிள்ளைகளே நிழல் கொண்டு அளக்க வேண்டும்: ஒரு மீட்டர் குச்சியின் நிழலையும் கட்டடத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து விகிதம் போட்டால் விடை கிடைக்கும். அதே முறையில் கோபுரத்தை அளக்கப் போனால் தப்பும். கூம்பிப் போகும் கட்டடத்தில் நிழலை அடிமட்டத்தின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், அங்கே யாரும் நாடா பிடிக்க முடியாது. எட்டாம் வகுப்பினர் இதற்கு வழி தேடிக்கொள்வார்கள்.

ஸ்ரீரங்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளிச் சுற்றுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் என்று தெருப் பெயரைச் சொன்னாலே எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். தரையில் சுண்ணாம்புக் கோடு இழுத்து ஏழு சுற்றுகளையும் போட்டு, ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி வைத்தால் வகுப்பின் வரைபடம் கிடைத்துவிடும்.

கோலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோலப் போட்டி எல்லாப் பள்ளிகளிலும் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டு, கலர் பொடி அதிகம் போட்டவருக்குப் பரிசு தருவதோடு முடிகிறது. அதற்குள் இருக்கும் கணக்கை யாரும் தொடுவதில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களில் கோலங்களைக் கணினி அறிவியலின் பட மொழிகளாக ஆராய்ந்தார்கள். அந்த ஆழத்துக்குப் போக வேண்டாம். ஆறாம் வகுப்புக்கான பகுதி எளியது. நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு முறையும் கோடு குறுக்கே வெட்டும்படி சிக்குக் கோலம் போட வேண்டும். மூன்று வரிசையில் நான்கு நான்கு புள்ளி வைத்தால் முழுக் கோலமும் ஒரே கம்பியில் முடியும். நான்கு வரிசையில் ஆறு ஆறு புள்ளி வைத்தால் இரண்டு கம்பி. மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று கம்பி. வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கம்பி. இதை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. பத்துப் பன்னிரண்டு கோலங்களைப் பையன்களும் பெண்களும் தரையில் போட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வண்ணம் கொடுத்து, அட்டவணை எழுதி வைத்தால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். விழா நாளில் அந்த அட்டவணையின் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பெற்றோரை ஊகிக்கச் சொல்லலாம். பாட்டிமார் முந்திக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அறிவியல் பகுதிக்குத் தனிக் கூடம் தேவையில்லை. அரசு நடுநிலை வகுப்புகளில் பரிசோதனைகளைச் செய்து காட்டும் 'வானவில் மன்றம்' திட்டம் 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் பழகிய எளிய சோதனைகளில் நான்கைந்தை வருபவர்களே செய்து பார்க்கும்படி வைத்தால் போதும்.

கல்வெட்டைப் படியெடுப்பது இன்னொரு நல்ல பயிற்சி. மலைக்கோட்டையின் மேல் குகையில் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டும் கங்காதரர் சிற்பமும் உள்ளன. அங்கே போய்ப் பார்க்கலாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் தாளை ஒட்டி மை தடவ மாணவர்களுக்கு அனுமதி கிடையாது. பள்ளியில் களிமண் பலகையில் எழுத்துகளைக் கீறிக் காயவைத்து, அதன்மேல் ஈரத் தாளைப் பரப்பி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் துணிப் பொட்டலத்தால் மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் பின்னணி கறுப்பாகவும் வரும். வருபவர் ஒவ்வொருவரும் தன் பெயரைப் படியெடுத்து எடுத்துப் போகலாம்.

சாப்பாட்டுக் கடை இல்லாத விழாவைப் பிள்ளைகள் விழாவாகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள். அடுப்பு வேண்டாம். பானகம், நீர்மோர், அவல், முளைகட்டிய பயறு, பழக்கலவை என்று நெருப்பில்லாச் சமையலே ஒரு மேஜைக்குப் போதும். மணப்பாறை முறுக்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், வாங்கி வைக்கலாம். ஊருக்கே உரிய கடை வாழைக் கடை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில்தான் இருக்கிறது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலக்கி, நேந்திரன், மொந்தன் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு ருசித்துப் பெயர் சொல்லும் போட்டி வைக்கலாம். தண்டு, பூ, நார், இலை, சருகு எதற்கெல்லாம் ஆகிறது என்பது பக்கத்து மேஜை. இந்தக் கடைகளைப் பொறுத்தவரை விற்பனையைவிடக் கணக்கு முக்கியம். முதல் எவ்வளவு, தார் ஒன்றுக்கு எத்தனை பழம், அழுகியது எத்தனை, ஒரு பழத்தை எந்த விலைக்கு விற்றால் நட்டம் வராது என்பதை ஏழாம் வகுப்பினர் முந்தைய நாளே எழுதி வைத்திருக்க வேண்டும்.

இத்தனையும் ஒரு பிற்பகலில் அடங்காது. காலை முழுவதும் கண்காட்சியும் கடையும், மதியத்துக்குப் பின் இரண்டு மணி நேரம் மேடை என்று பிரித்தால் ஓட்டம் இருக்கும். மேடை இரண்டு மணியைத் தாண்டினால் முன்வரிசைச் சிறுவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சிறப்பு விருந்தினர் உரையைப் பத்து நிமிடத்துக்குள் நிறுத்துவது தலைமையாசிரியரின் திறமையைப் பொறுத்தது. வேலைப் பட்டியலை வகுப்பு வாரியாக எழுதி ஒட்டும்போது, ஒலிபெருக்கி, திரை, வரவேற்பு, நேரக் காப்பாளர், துப்புரவு ஆகியவற்றுக்கும் பெயர்கள் இருக்க வேண்டும். திரை இழுப்பவர் பெயரும் நிகழ்ச்சி நிரலில் அச்சாக வேண்டும்.

நாள் குறிப்பதில் திருச்சிக்கென்று சில கணக்குகள் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளி மேடைக்கு ஆகாது. பிறகு அரையாண்டுத் தேர்வு, ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். மார்ச்சில் ஆண்டுத் தேர்வுப் பதற்றம் வந்துவிடும். அரசின் கலைத் திருவிழாவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும் நோக்கமென்றால் ஆகஸ்டு சரி. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம் திரளும் மாதம் அது, காவிரியில் தண்ணீரும் இருக்கும், முக்கொம்பு மாதிரிக்கு நேரில் போய்ப் பார்க்கவும் வசதி. அந்த நோக்கம் இல்லாத பள்ளிக்குப் பொங்கல் கழிந்த ஜனவரிக் கடைசி வாரமே உகந்தது. பேட்டிக்கும் படியெடுப்புக்கும் அளவெடுப்புக்கும் குறைந்தது ஆறு வாரம் வேண்டும் என்பதால் டிசம்பர் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பித்து, தேர்வுக்கு நடுவில் நிறுத்தி, மீண்டும் தொடர வேண்டியிருக்கும்.

விழா முடிந்த வாரத்தில் கையெழுத்துப் பத்திரிகை பள்ளி நூலகப் பதிவேட்டில் எண் பெற்று அலமாரிக்குப் போகும். கோல அட்டவணை கணித ஆசிரியரிடமும், அட்டைக் கோபுரங்கள் அடுத்த ஆறாம் வகுப்பிடமும் ஒப்படைக்கப்படும். கடை வரவு செலவைப் பிள்ளைகளே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட, மீதப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை மூன்று வகுப்புகளும் வாக்கெடுத்து முடிவு செய்யலாம்.